இயக்கம் எப்போது கட்சியாகிறது? தி.மு.க.வின் முதல் எட்டு ஆண்டுகள்

காவிரிக்கரையான் (கேள்வி):
எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில், சமூக இயக்கங்களிலிருந்து கட்சிகள் உருவாவதைப் பற்றி அடுத்த மாதம் பேசவிருக்கிறேன். 1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம், 1952 பொதுத்தேர்தலில் தன் வேட்பாளர்களை நிறுத்தவில்லை, 1957இல்தான் களமிறங்கியது. தேர்தலுக்குப் போகும் முடிவு பதவி ஆசையால் மட்டுமே எடுக்கப்பட்டது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். என் மனம் அதை ஏற்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசப் போதிய சான்று கையில் இல்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

நூலகத்தூண்:
இந்த வரலாற்றைச் சற்று முன்னிருந்து தொடங்குங்கள். தேர்தலில் நின்று ஆட்சியும் நடத்திய நீதிக்கட்சியைத்தான் 1944இல் சேலம் மாநாட்டில் பெரியார் திராவிடர் கழகமாக மாற்றி, தேர்தலை விட்டு விலக்கி நிறுத்தினார். அதாவது இங்கே முதலில் ஒரு கட்சிதான் இயக்கமானது. அந்த இயக்கத்தில் வளர்ந்து, பின்னர் பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கியவர்களுக்குச் சட்டமன்றத்தின் மீதான ஐயம் எளிதில் நீங்கிவிடவில்லை. அதனால்தான் 1956இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் போட்டியிடலாமா என்ற கேள்வியைத் தலைவர்கள் தாங்களே முடித்துக்கொள்ளாமல், வந்திருந்தோரின் வாக்குக்கு விட்டார்கள். பெரும்பான்மை போட்டியிடலாம் என்றது. உங்கள் நண்பருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். அந்த வாக்கை அளித்தவர்கள், படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஏடுகளை உரக்க வாசிக்கக் கேட்டு, நாடகம் பார்த்து, கிளைக் கழகம் அமைத்துக் கொடியேற்றிய எளிய மனிதர்கள். 1957இல் கிடைத்த 15 சட்டமன்ற இடங்களுக்குப் பின்னால் இருந்தது இந்த உழைப்புதான்.

பொன்னி:
மேலே சொன்னது சரி. ஆனால் சட்டமன்றம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு என் பார்வையில் மிக வலுவான சான்று சுயமரியாதைத் திருமணம். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்த திருமணத்தைத் தொடர்ந்து, புரோகிதரும் சடங்கும் இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் மணவிழா நடத்தின. எங்கள் குடும்பத்திலும் அப்படியொரு திருமணம் நடந்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய ஒரு திருமணம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தபோது, மேடையில் எவ்வளவு பேசினாலும் சரிசெய்ய முடியாத ஒன்று இருப்பது வெளிப்பட்டது. மனைவியின் உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் சட்டத்தின் ஒரு வரியைப் பொறுத்தவை. அந்த வரியை 1967இல் அண்ணாவின் அரசுதான் இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவாகச் சேர்த்தது; முன்பு நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. இதைப் பதவி ஆசை என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

வைகைவாசி:
பொன்னி அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். கொடுத்த விலையையும் காவிரிக்கரையான் ஐயா தம் உரையில் சேர்க்க வேண்டும். 1963இல் வந்த 16ஆம் அரசியல் சட்டத் திருத்தம், வேட்பாளர்கள் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. அதனால் தி.மு.க., தனிநாடு கேட்கும் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. தேர்தலுக்கு வெளியே இருந்த திராவிடர் கழகத்துக்கு அந்த நெருக்கடி அதே வடிவில் வரவில்லை. ஆகவே கட்சி பிறந்த பிறகு தாய் இயக்கத்துக்கு வேலை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராக வேண்டும் என்று பெரியார் கிளர்ச்சி அறிவித்தது தி.மு.க. ஆட்சியில் இருந்தபோதுதான்; அதன் பிறகே 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்துக்கு வந்தது.