டிஃபெண்டருக்கு ஸ்டியரிங் கார்ட்: 6 மில்லிமீற்றர் அலுமினியமா, 4 மில்லிமீற்றர் இரும்பா?

பொகவந்தலாவை 110

வணக்கம். 300 டிடிஐ எஞ்சின் உள்ள லேண்ட் ரோவர் 110 டிஃபெண்டர் வைத்திருக்கிறேன். தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து டவுனுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அதன் பிறகு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள். எங்கள் தோட்டத்துப் பாதை எப்போதுமே மோசம்தான். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு வடிகான்கள் உடைந்து, மண் கழுவிப் போய், அடியில் அடுக்கியிருந்த கல்லெல்லாம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது.

அண்மையில் அடியில் ஒரு கல் பலமாக அடித்தது. அதற்குப் பிறகு நேர்ப் பாதையில் போகும்போது ஸ்டியரிங் வீல் சற்று இடப்பக்கம் திரும்பியே நிற்கிறது. முன் டயர்கள் இரண்டும் உட்பக்க விளிம்பில் தேய்கின்றன. விளிம்பைக் கையால் தடவினால் ரப்பர் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது.

இனி இப்படி நடக்கக் கூடாது என்பதால் ஸ்டியரிங் கார்ட், அதாவது அடியில் பூட்டும் காப்புத் தகடு, ஒன்று பூட்ட முடிவு செய்திருக்கிறேன். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வெளிநாட்டு அலுமினியக் கார்ட் ஒன்று இருக்கிறது, தடிப்பு 6 மில்லிமீற்றர். ஹட்டனில் 4 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் அடித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு வெல்டிங் பாஸ். இரண்டில் எது நல்லது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நானுஓயா மெக்கானிக்

தம்பி, கார்ட் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். வளைந்திருப்பது எந்த ரொட்?

டிஃபெண்டரின் முன் அச்சில் குறுக்கே இரண்டு ரொட்கள் ஓடுகின்றன. ஒன்று அச்சுக்கு முன்னால் இருப்பது. ஸ்டியரிங் பொக்ஸின் கையிலிருந்து புறப்பட்டு இடது சக்கரத்துக்குப் போகும். மற்றது அச்சுக்குப் பின்னால், இரண்டு சக்கரங்களையும் இணைப்பது. கடையில் ஸ்டியரிங் கார்ட் என்று விற்பது பம்பருக்குக் கீழே பூட்டும் சாய்வான தகடு. அது முன்னால் இருக்கும் ரொட்டைத்தான் காக்கும்.

முன் ரொட் மட்டும் வளைந்தால் ஸ்டியரிங் வீல் கோணும், ஆனால் டயர் தேயாது. ஏனென்றால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையில் உள்ள அளவு மாறுவதில்லை. பின் ரொட் வளைந்தால் அதன் நீளம் குறைந்து, சக்கரங்களின் பின்பக்கம் உள்ளே இழுபடும், முன்பக்கம் வெளியே விரியும். உள் விளிம்பு தேயும். இடது சக்கரம் இடப்பக்கம் திரும்பிவிடுவதால் ஸ்டியரிங் வீலும் அதனுடன் இடப்பக்கம் போகும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பின் ரொட் மீதுதான் சந்தேகம்.

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, கீழே போய்ப் பாருங்கள். நேரான மர ரீப்பை ஒன்றை ரொட்டின் மேல் வைத்துப் பிடியுங்கள். பிறகு ரொட்டைக் கையால் உருட்டுங்கள். இரு முனையிலும் போல் ஜொயின்ட் என்ற உருண்டை மூட்டு இருப்பதால் கொஞ்சம் உருளும். உருளும்போது ரீப்பைக்கும் ரொட்டுக்கும் இடையில் உள்ள வெளிச்சம் கூடிக் குறைந்தால் ரொட் வளைந்திருக்கிறது.

பொகவந்தலாவை 110

பார்த்துவிட்டேன் அண்ணே. நீங்கள் சொன்னபடியே பின் ரொட்தான். உருட்டினால் நடுப்பகுதியில் சிறுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி வருகிறது. அச்சில் உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலுக்கு இடப்பக்கம், ரொட்டின் பின்முகத்தில், துருவும் சேறும் உரிந்து இரும்பு பளிச்சென்று தெரியும் காயம் ஒன்று இருக்கிறது. முன் ரொட்டில் சேற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

ஆனால் முன்னால் போகும்போது அடிபட்டால் காயம் முன்முகத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

நானுஓயா மெக்கானிக்

உங்கள் பாதையில் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும் முடக்கு இருக்கிறதா?

பொகவந்தலாவை 110

கோயிலுக்குக் கீழே இருக்கிறது. 110 ஒரே வெட்டில் அங்கே திரும்பாது. எல்லோரும் ஒரு தடவை பின்னால் எடுத்துத்தான் திருப்புவோம். உள்பக்கம் முழுக்கக் கல்.

நானுஓயா மெக்கானிக்

அடி விழுந்தது அங்கேதான். முன் சக்கரம் கல்லைத் தாண்டி இறங்கிய பிறகு, பின்னால் எடுக்கும்போது அந்தக் கல் முதலில் சந்திப்பது பின் ரொட்டை. பம்பருக்குக் கீழே எவ்வளவு தடித்த தகடு இருந்தாலும் இந்த அடியைத் தடுத்திருக்காது. மலைநாட்டு வண்டிகளில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தட்டையான ஊர்களில் ஓட்டுகிறவர்கள் எழுதும் ஆலோசனையில் முன் கார்ட்டைப் பற்றித்தான் இருக்கும். நம் பாதைகளில் பாதி அடி ரிவர்ஸில் விழுகிறது.

அதனால் முதல் பணத்தைப் பின் ரொட்டுக்குச் செலவழியுங்கள். அசலில் வருவது உள்ளே வெறுமையான குழாய். அதற்குப் பதிலாகத் தடித்த சுவருள்ள குழாயிலோ முழுக் கம்பியிலோ செய்த ஹெவி டியூட்டி ரொட் கிடைக்கிறது. ஒரு முனையில் வலப்புரி, மறுமுனையில் இடப்புரி என்று அசலைப் போலவே மரை வெட்டியிருக்க வேண்டும். அப்போதுதான் கிளாம்பைத் தளர்த்தி ரொட்டைச் சுழற்றி எலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் நேர், சரிசெய்யலாம். போல் ஜொயின்ட் இரண்டையும் அதோடு மாற்றுங்கள். அடியின் வேகம் ரொட்டோடு நிற்காது, ஜொயின்ட்டுக்கும் போயிருக்கும்.

தலவாக்கலை

ரொட்டைக் கழற்றிச் சூடு காட்டி நிமிர்த்தித் தர ஆள் இருக்கிறார்களே. செலவு மிச்சம்.

நானுஓயா மெக்கானிக்

வேண்டாம். தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். ஒரு தடவை மடங்கிய குழாய் அந்த இடத்திலேயே மறுபடி மடங்கும். சூடு காட்டினால் இன்னும் பலம் குறையும். இந்த ரொட் விட்டால் ஒரு சக்கரம் ஓட்டுநரின் கையில் இருக்காது. பின்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பக்கம் பள்ளம். மிச்சம் பிடிக்க வேறு ஆயிரம் இடம் இருக்கிறது.

ஹட்டன் வெல்டிங்

பின் ரொட் பற்றி அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் முன் கார்ட் தேவையே இல்லை என்று தம்பி முடிவுகட்டிவிட வேண்டாம். டவுனிலிருந்து ஆட்களோடு மேலே ஏறும்போது முன் ரொட்டும் அடி வாங்கும். ஆகவே கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

6 மில்லிமீற்றர் அலுமினியமும் 4 மில்லிமீற்றர் இரும்பும் வளையாமல் நிற்பதில் ஏறக்குறைய சமம். எடையில் அலுமினியம் பாதிதான்: ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 16 கிலோ, இரும்பு 31 கிலோ. கார்ட் சிறியது என்பதால் டிஃபெண்டருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. நான் இரும்பைச் சொல்வதற்குக் காரணம் வேறு. கூரான கல்லில் அலுமினியம் சுரண்டுபட்டு ஒட்டிப் பிடிக்கும், இரும்பு வழுக்கிக்கொண்டு போகும். அது வளைந்தாலும் ஊரிலேயே தட்டி எடுக்கலாம். ரொட்டைத் தட்டக் கூடாது, தகட்டைத் தட்டலாம்.

யாரிடம் அடித்தாலும் வெறும் தட்டையான தகடாக வாங்காதீர்கள். விளிம்புகளை மடித்து, நடுவில் ஒரு விலா வைத்திருக்க வேண்டும். மெல்லிய தகடு கல்லில் மடிந்து பின்னால் போய் ரொட்டில் முட்டினால் ஸ்டியரிங்கே இறுகிவிடும். கார்ட் இல்லாமல் ஓடுவதைவிட அது ஆபத்து.

இன்னொன்று: தகடு சேஸிஸில் அசையாமல் நிற்கிறது, அச்சும் ரொட்டும் மேலும் கீழும் போகின்றன. பூட்டிய பிறகு ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். பிறகு மற்றச் சக்கரத்துக்கும் அதையே செய்யுங்கள். எங்கேயும் உரசக் கூடாது. சேஸிஸில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். பம்பர் போல்ட் துளைகளும், கயிறு கட்டும் வளையத்துக்கான துளைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. 8.8 என்று தலையில் குறியிட்ட போல்ட் போடுங்கள்.

வட்டவளை மழை

எங்கள் பக்கம் வருடத்தில் பாதி நாள் மழை, அதனால் இதைச் சேர்க்கிறேன். கார்ட் பூட்டுவதற்கு முன் சேஸிஸின் முன் கொம்பு இரண்டையும் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அலுமினியம் வாங்கினால், அது இரும்பைத் தொடும் இடத்தில் ஈரம் நின்று அரிப்புப் பிடிக்கும். போல்ட்டுக்கு பிளாஸ்டிக் வொஷர் போட்டு கிரீஸ் பூசுங்கள். எந்தத் தகடாக இருந்தாலும் கீழ்ப்பக்கத்தில் கை நுழையும் அளவு துளைகள் வேண்டும். இல்லாவிட்டால் செம்மண் சேறு உள்ளே தங்கிக் காய்ந்து, போல் ஜொயின்ட்டின் ரப்பரைக் கிழித்துவிடும்.

ராகலை ஹைலக்ஸ்

என்னுடையது ஹைலக்ஸ், முன் சக்கரங்கள் தனித்தனியே ஆடும் வகை. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

நானுஓயா மெக்கானிக்

பொருந்தாது தம்பி. அதில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் அச்சே இல்லை, அடிப்பகுதியை மூடும் பெரிய தகடுதான் தேவை. எண்ணெய் வடிக்கத் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பொகவந்தலாவை 110

எல்லோருக்கும் நன்றி. பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி ஹெவி டியூட்டி பின் ரொட்டும் இரண்டு போல் ஜொயின்ட்டும் எடுப்பிக்கிறேன். அவை வரும்வரை பிள்ளைகளை ஏற்றப் போவதில்லை, வேறு வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன். அதன் பிறகு ஹட்டனில் இரும்புக் கார்ட். ரொட் மாற்றியதும் எலைன்மென்ட் எந்த அளவில் வைக்க வேண்டும் அண்ணே?

நானுஓயா மெக்கானிக்

நல்ல முடிவு. முன் சக்கரங்கள் நேராக, அல்லது 2 மில்லிமீற்றர் வரை வெளியே விரிந்து இருக்கலாம். பெரும்பாலான கார்களுக்கு உள்ளே குவித்து வைப்பார்கள், அந்த வழக்கத்தில் இதற்கும் அப்படி வைத்துவிடாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். கிளாம்ப் போல்ட்களையும், போல் ஜொயின்ட் நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்பதையும் முதல் வாரம் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை பாருங்கள்.