மோர்மன் வேட்பாளர்: ஓட்டுப் போடும்போது மதத்தையும் பார்க்க வேண்டுமா?

கில்பர்ட்_வாசி:
அரிசோனாவில் கில்பர்ட்டில் இருக்கிறோம். குடியுரிமை வாங்கியபின் எனக்கு இதுதான் முதல் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். மாநிலச் சட்டசபைக்கு நிற்கும் ஒருவரின் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஐந்து பிள்ளைகள், இளவயதில் இரண்டு வருஷம் பிரேசிலில் ஊழியம், அப்புறம் சபையில் பிஷப். மோர்மன் (அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டில் தோன்றிய, கிறிஸ்துவை வணங்கும் ஒரு தனிச் சபை) என்று எங்கேயும் போடவில்லை, இந்த ஊரில் போடவும் தேவையில்லை, இதைப் படித்தாலே தெரிந்துவிடும்.

என் வீட்டுக்காரர், "சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமை என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்வார், வேண்டாம்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாளைக்கு நம்ம பிள்ளை தேர்தலில் நின்றால், சாமி கும்பிடுகிறவன், வேண்டாம் என்று ஒருத்தர் சொன்னால் சும்மா இருப்போமா? அதே சமயம் பத்தில் ஒரு பங்கு வருமானத்தையும் வாரத்தில் நிறைய நேரத்தையும் சபைக்குக் கொடுக்கிற ஒருவருக்கு அது வெறும் சொந்த விஷயம்தான் என்றும் நம்ப முடியவில்லை. நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

பாஸ்டன்_பழசு:
பிஷப் என்றதும் நம்ம ஊர் பேராயர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அவர்களிடம் பிஷப் என்பது சம்பளமில்லாத வேலை, பல் டாக்டரோ கணக்காளரோ சில வருஷம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பார். 2012-ல் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக நின்ற மிட் ராம்னிகூட பாஸ்டன் பக்கம் அப்படி இருந்தவர்தான்.

இந்தக் கேள்வியே ராம்னியால்தான் பெரிதாக அடிபட்டது. 2007 டிசம்பரில் டெக்சஸில் ஒரு பேச்சு பேசினார். என் சபைத் தலைவர்கள் யாரும் என் முடிவுகளில் தலையிட முடியாது, ஆனால் என் நம்பிக்கையை விட்டுவிடவும் மாட்டேன், அதன் கோட்பாடுகளை உட்கார்ந்து விளக்கவும் மாட்டேன், ஏனென்றால் பதவிக்கு வருகிறவருக்கு மதத்தை வைத்துப் பரீட்சை கூடாது என்று அரசியல் சட்டம் தடுத்திருப்பது அதைத்தான் என்றார். 1960-ல் கென்னடி, கத்தோலிக்கர் என்பதற்காக ஹூஸ்டன் பாதிரிமார் முன்னால் போய்ப் பேச வேண்டியிருந்ததல்லவா, அதே வழிதான்.

ஆனால் 2020 பிப்ரவரியில் ட்ரம்ப் மீதான பதவி நீக்க விசாரணையில் இதே ராம்னி, கடவுள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன், என் மதத்துக்கு நான் யார் என்பதில் பங்கு இருக்கிறது என்று சொல்லித்தான் தன் கட்சி ஜனாதிபதிக்கு எதிராக ஓட்டுப் போட்டார். சொந்தக் கட்சி ஜனாதிபதியைக் குற்றவாளி என்று சொன்ன முதல் செனட்டர் அவர். ஆக மதம் உள்ளே வந்தது, ஆனால் யாரும் போன் போட்டுச் சொல்லி வரவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது போனுக்கு. அது வேறு, மனசாட்சி வேறு.

நாசரேத்துக்காரன்:
நான் சி.எஸ்.ஐ. மோர்மன் உபதேசத்தை ஏற்கவே முடியாது, வேதத்துக்கு மேல் இன்னொரு வேதம் வைத்திருக்கிறார்கள், எங்கள் சபை ஐயர் (போதகர்) மேடையிலேயே கள்ள உபதேசம் என்பார். அதனால் ஓட்டு இல்லை என்றுதான் ரொம்ப நாள் இருந்தேன். அப்புறம் வேடிக்கை பார்த்தேன். 2011-ல் ராபர்ட் ஜெஃப்ரெஸ் என்ற டல்லஸ் பாஸ்டர் ராம்னியின் மதத்தைக் கள்ளக் கூட்டம் என்றார், அடுத்த வருஷம் ஒபாமாவுக்கு எதிரே ராம்னிதான் என்றானதும் அவருக்கே ஆதரவு. பிரபல பிரசங்கியார் பில்லி கிரகாம் அமைப்பின் இணையதளத்திலிருந்தும் மோர்மனைக் கள்ளக் கூட்டமாகச் சொன்ன பகுதி தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் காணாமல் போனது. உபதேசம் உபதேசம் என்று கத்தினவர்களுக்கே கட்சிதான் பெரிதாக இருந்திருக்கிறது, நான் மட்டும் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

மெசா_மணி:
அக்கா, உங்கள் பக்கத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. மெசாவைச் சேர்ந்த ரஸ்டி பவர்ஸ், அரிசோனா கீழவையின் சபாநாயகராக இருந்தவர். கில்பர்ட்டைச் சேர்ந்த ஆண்டி பிக்ஸ், அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இரண்டு பேரும் மோர்மன், இரண்டு பேரும் குடியரசுக் கட்சி.

2020 தேர்தல் முடிவை மாற்றச் சொல்லி ட்ரம்ப் ஆட்கள் நெருக்கியபோது பவர்ஸ் மறுத்தார். 2022 ஜூனில், 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலை விசாரித்த குழு முன்னால், அரசியல் சட்டம் தெய்வ அருளால் வந்தது என்பது என் மத நம்பிக்கை, அதனால் என்னால் முடியாது என்றார். அதே சாட்சியத்தில், அந்த ஜனவரி 6 காலையில் மாநிலத்தின் தேர்வாளர்களை (ஜனாதிபதியை முறைப்படி தேர்ந்தெடுக்கிறவர்களை) செல்லாதவர்களாக்க ஆதரவு கேட்டு பிக்ஸ் தன்னை அழைத்ததாகவும் சொன்னார். சரி, இதில் எது மோர்மன் மதம்? அப்புறம் ஆகஸ்டில் பவர்ஸ் மாநில செனட்டுக்கு நின்று பிரைமரியில் தோற்றார். தோற்கடித்த டேவிட் ஃபார்ன்ஸ்வொர்த்தும் மோர்மன்தான்! ஒபாமா காலத்தில் செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவராக இருந்த ஹாரி ரீட் வேறு அதே சபை. நோட்டீஸில் பிஷப் என்று பார்த்து ஒரு மண்ணும் தெரியாது.

கேள்வி_கேட்பவள்:
மணி சொல்வது பாதிதான் சரி. தனி ஆட்கள் வேறுபடலாம், சபை என்ற அமைப்பு ஒன்று இருக்கிறதே. 2008-ல் கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடுக்க வந்த எட்டாம் முன்மொழிவுக்கு சபைத் தலைமை கடிதம் எழுதி ஊரெல்லாம் வாசிக்க வைத்தது, உறுப்பினர்கள் பணமும் உழைப்பும் கொட்டினார்கள். 1978 வரை கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் கிடையாது. அந்தக் காலத்தில் வேட்பாளராக நின்ற ஒரு மோர்மனிடம் இதைப் பற்றிக் கேட்டால் அது மதவெறியா? கேட்காமல் விடுவதுதான் தப்பு. எந்த மதத்தானாக இருந்தாலும் சட்டமாக வரப்போகிற விஷயத்தைக் கேட்கலாம். அவர்கள் மத வழக்கப்படி போடும் உள்ளாடை, சொர்க்கம், பழைய பலதார மணம் என்று நோண்டுவது வெறும் வம்பு, பலதார மணத்தை 1890-லேயே சபை கைவிடுவதாக அறிவித்துவிட்டது.

ஒஹாயோ_ஓரமா:
2023 டிசம்பரில் அயோவாவில், குடியரசுக் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட இந்துவான விவேக் ராமசாமியிடம் ஒரு அம்மா, நீங்கள் ஜனாதிபதியாக முடியாது என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் மதம் இந்த நாட்டை நிறுவியவர்களின் மதம் இல்லையே என்று நேராகவே கேட்டார். எனக்கு அவர் அரசியல் சுத்தமாகப் பிடிக்காது, இருந்தாலும் டிவி முன்னால் எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் மோர்மன்காரருக்கும் இருக்கும்தானே.

கில்பர்ட்_வாசி:
எல்லாருக்கும் நன்றி. பவர்ஸ் கதையை வீட்டில் படித்துக் காட்டினேன், "அப்படியானால் இவர் பவர்ஸ் ரகமா பிக்ஸ் ரகமா" என்று கேட்கிறார், நியாயமான கேள்விதான். சனிக்கிழமை நூலகத்தில் வேட்பாளர் கூட்டம் இருக்கிறது. தேர்தல் முடிவு பிடிக்காவிட்டால் ஏற்பீர்களா என்று வீட்டுக்காரர் கேட்கட்டும், நான் பள்ளி வவுச்சர் பணத்தையும் (தனியார் பள்ளிச் செலவுக்கு அரசு தரும் பணம்) கொலராடோ ஆற்றுத் தண்ணீரையும் கேட்கிறேன். வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.