காலணி நடந்த கதையும் எங்கள் குழந்தைகளின் கைவேலையும்

நியூ ஜெர்சி, மழலையர் பள்ளி உதவி ஆசிரியை:

குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நெருங்குகிறது. சின்னக் குழந்தைகளோடு என்ன செய்யலாம் என்று இங்கே பலர் கேட்டிருந்தீர்கள். என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஒவ்வோர் அக்டோபரிலும் நான் கையில் எடுப்பது, லிண்டா வில்லியம்ஸ் எழுதி மேகன் லாய்ட் படம் வரைந்த 'தி லிட்டில் ஓல்ட் லேடி ஹூ வாஸ் நாட் அஃப்ரெய்ட் ஆஃப் எனிதிங்'. 1986இல் வந்த படக்கதை. எதற்கும் அஞ்சாத பாட்டி ஒருத்தி இருட்டில் காட்டு வழியே வீடு திரும்புகிறாள். எதிரே ஒரு ஜோடி காலணி தானாக நடந்து வருகிறது. அடுத்துக் கால்சட்டை நெளிகிறது, சட்டை குலுங்குகிறது, கையுறைகள் தட்டுகின்றன, தொப்பி தலையாட்டுகிறது. கடைசியில் ஒரு பரங்கிக்காய்த் தலை 'பூ' என்று கத்த, பாட்டி ஓட்டம் பிடிக்கிறாள். மறுநாள் காலையில் அத்தனையும் ஒன்றுசேர்ந்து, அவளுடைய தோட்டத்தில் காக்கை விரட்டும் சோளக்கொல்லைப் பொம்மையாக நிற்கின்றன.

கதையே ஒரு பொம்மையைப் படிப்படியாகச் செய்து காட்டிவிடுகிறது. நாம் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு முறை ஒலிக்கும் ஒரு சொல் வருகிறது. சலசல, படபட என்று இரட்டைக்கிளவி கேட்டு வளர்ந்த நமக்கு, குழந்தைகள் அந்த இடங்களில் ஏன் துள்ளுகிறார்கள் என்பது சொல்லாமலே விளங்கும்.

சென்ற ஆண்டு நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, பரங்கிக்காய் வந்த பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகம் புதைத்துவிட்டாள். மறுநாள் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன துணிமூட்டையை நடுக்கூடத்தில் அவிழ்த்தேன். என் கணவரின் பழைய காலணி, கால்சட்டை, கட்டம் போட்ட சட்டை, தோட்டக் கையுறை, வைக்கோல் தொப்பி, ஒரு பரங்கிக்காய். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவள் நேராகக் காலணியிடம் போனாள். இரண்டு கைகளையும் அதற்குள் நுழைத்து, தவழ்ந்துகொண்டே தரையில் தொம் தொம் என்று அடித்தாள். சத்தம் தன் கையிலிருந்துதான் வருகிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

பிறகு பொம்மைக்குள் அடைக்கச் செய்தித்தாளைக் கசக்கினோம். இதை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். ஒரு முழுத்தாளை ஒரே கையால் பந்தாகச் சுருட்டுவது சின்னக் கைக்குப் பெரிய வேலை. பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. நாற்பது நிமிடம் கசக்கினார்கள். ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி கதை படித்தேன். 'பூ' வரும் பக்கத்தில் அவள் காதைப் பொத்தத்தான் செய்தாள். ஆனால் ஒரு காதை மட்டும். மற்றக் கையில் காலணி இருந்தது.

டெக்சாஸ், இரட்டைக் குழந்தைகளின் அம்மா:

அக்கா, அந்த ஒற்றைக் காதை மறக்க முடியவில்லை.

நாங்கள் கதையில் வரும் பரங்கிக்காயை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினோம். கத்தியே வேண்டாம். கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் சின்ன மரக்குச்சி கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும். அதையும் பொம்மை மரச்சுத்தியலையும் கொடுத்துவிட்டால், தோலில் அடித்து அடித்து இறக்குவார்கள். முதல் நான்கைந்து குச்சிகளுக்கு மட்டும் நான் ஆணியால் துளை போட்டுக் கொடுத்தேன். குச்சிகளுக்கிடையே ரப்பர் வளையம் மாட்டினால் முக்கோணம், சதுரம் எல்லாம் தானாக வரும்.

அதற்கு முன்பே, முழுக்காயைக் குளியல் தொட்டியில் போட்டுப் பாருங்கள். நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். நான்தான் தூக்கிப் போட்டேன். 'மூழ்கும்' என்று இருவரும் அடித்துச் சொன்னார்கள். அது மிதந்தது. பக்கத்தில் போட்ட கூழாங்கல் அடியில் போய் உட்கார்ந்தது. மகன் காயைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தினான். அது திரும்பத் திரும்ப மேலே வந்தது. மறுநாள் குச்சி அடித்து முடித்த பிறகு அதை வெட்டி உள்ளே இருந்த வெற்றிடத்தைக் காட்டினேன். 'வீடு காலியாக இருக்கிறது' என்றாள் மகள்.

உள்ளே இருக்கும் நாரைத் தொட அருவருக்கும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். அதை ஜிப் பையில் அடைத்து மூடிக் கொடுத்தால் வெளியிலிருந்தே பிசைவார்கள். என் மகன் இரண்டு நாள் பையைப் பிசைந்துவிட்டு, மூன்றாம் நாள் தானே பையைத் திறந்தான்.

விதையை எண்ணலாம், ஒட்டலாம். ஆனால் வறுத்துத் தின்னக் கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கும் அபாயம் இருப்பதால், 4 வயதுக்குட்பட்டவர்களுக்கு விதையும் கொட்டையும் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை.

ஒன்டாரியோ, ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா:

கைவேலைக்கு ஒட்டும் உருளும் பிளாஸ்டிக் கண்களும் அதே அபாயம்தான். மூன்று வயதில் என் மகள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். நல்லவேளை, துப்பிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பொம்மைகளுக்குக் கண் வரைவதோடு சரி.

அவளுக்கு நிலக்கடலை ஆகாது. கதவு கதவாகப் போய் மிட்டாய் வாங்கும் இரவு எனக்கு எப்போதும் கலக்கம்தான். உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்காக இயங்கும் ஃபேர் என்ற அமைப்பு 2014 முதல் அமெரிக்கா முழுவதும் பரப்பிய ஒரு வழக்கம் இங்கே கனடாவிலும் உண்டு: வாசலில் நீலப்பச்சை வண்ணப் பரங்கிக்காய் இருந்தால், அந்த வீட்டில் தின்பண்டமல்லாத பரிசும் கிடைக்கும் என்று பொருள். சென்ற ஆண்டு ஒரு சின்னக் காய்க்கு அவளே வண்ணம் பூசினாள். முழங்கை வரை நீலம். எங்கள் வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சாக்கட்டியும் ஸ்டிக்கரும் அவள் கையாலேயே கொடுத்தாள்.

தஞ்சாவூரிலிருந்து மிச்சிகன் வந்திருக்கும் பாட்டி:

பேரனுக்கு ஐந்து வயது. நீங்கள் சொன்ன அதே கதையைப் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பொம்மை செய்ய வேண்டும் என்றான். எனக்கா தெரியாது? எங்கள் ஊரில் வீடு கட்டும்போது பழைய சட்டையில் வைக்கோல் திணித்துத் திருஷ்டிப் பொம்மை கட்டித் தொங்கவிடுவோம். பூசணிக்காயில் கண்ணும் மீசையும் எழுதி வைப்போம். வைக்கோலுக்குப் பதில் இங்கே காய்ந்த மேப்பிள் இலை. இரண்டு பேரும் தோட்டத்தில் வாரிக் கொண்டுவந்து அடைத்தோம். இலை பொடிந்து சட்டை தளர்ந்துவிடுகிறது. நன்றாகக் காய்வதற்கு முன் அள்ளுவது நல்லது. மணிக்கட்டைச் சணலால் இறுக்கிக் கட்டிய பிறகுதான் கையுறையை மாட்ட வேண்டும், அம்மாடி, இல்லாவிட்டால் எல்லாம் கொட்டிவிடும்.

தலையை வைத்ததும் அவன் 'பூ! பூ!' என்று என்னைப் பார்த்துக் கத்தினான். அது பயமுறுத்தும் சத்தம் என்று எனக்குத் தெரியாது. 'பூ வேண்டுமா?' என்று கேட்டு, தாளில் ஒரு செம்பருத்தி வெட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலி போட்டு ஏறி, பொம்மையின் தொப்பியில் செருகிவிட்டான். மழையில் சாயம் போன பிறகும் எடுக்க விடவில்லை.