புதுப்பிப்பு: 1861 ஸ்பிரிங்ஃபீல்ட், சுமாரானதை வாங்கலாமா?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து, வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கியில் பளபளப்பானது கட்டுப்படியாகவில்லை, சுமாரானது போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும்; ஆனால் எதில் சுமார் என்று பார்க்கணும்.

குழல் பழுப்பேறியிருக்கலாம். கேப் மாட்டும் சிறு முளையான நிப்பிளைச் சுற்றிக் குழி விழுவது சகஜம், கேப் (சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடித்துப் படியும் உப்பு அங்கேதான் அரிக்கும். மருந்தையும் குண்டையும் உள்ளே இடிக்கும் இடிகம்பியை மாற்றியிருந்தாலும் பரவாயில்லை.

குழல் 40 அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம். பலவற்றை அறுத்து வேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்த துப்பாக்கி மரக்கட்டை அதைவிட மோசம். சுத்தியல் உள்ள விசைப்பகுதிக்கு எதிர்ப்பக்கம் கட்டையில் இருக்கும் ஆய்வாளர் முத்திரை அதில் அழிந்துபோகும், திரும்ப வராது.

கேப் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மரக்குச்சியைக் குழலின் வாய்வழியே அடிவரை விட்டு, வாய் விளிம்பில் குச்சியில் குறி போடுங்கள். குறி வாய் விளிம்போடு சேர அதையே குழலுக்கு வெளியே வைத்துப் பார்க்கும்போது குச்சியின் நுனி நிப்பிளுக்கு ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால், உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். விவரம் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் எடுத்துத் தந்த பிறகே விலை பேசுங்கள்.