பழைய மிலிட்டரி துப்பாக்கி, மான் வேட்டை, எந்தத் தோட்டா? நம்ம கடற்கரை ஆளுங்க யாராச்சும் சொல்லுங்க, அவசரம்

தொண்டித் தம்பி:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஊரு தொண்டி. இங்க வந்து எட்டு மாசம், மாட்டுப் பண்ணையில வேலை. முதலாளியோட அப்பா ஒரு பழைய மிலிட்டரி துப்பாக்கியக் கையில குடுத்து, "அடுத்த வாரம் மான் அடிக்கப் போறோம், நீயும் வா"ன்னுட்டாரு. கூடவே ஒரு தகரப் பெட்டி நெறய தோட்டா. போன ஞாயித்துக்கிழமை அவரு பக்கத்துல நிக்க பத்து ரவுண்டு சுட்டேன். ராத்திரி ரூமுக்குக் கொண்டுவந்து எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சேன். இன்னைக்குக் குழலுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா செம்பழுப்பா பூ பூத்துக் கெடக்கு. அது அவரோட அப்பா காலத்துப் பொருளு. கை நடுங்குது. இதே தோட்டா வேட்டைக்கு ஆகுமா, புதுசு வாங்கணுமா? வாங்குறதுன்னா கடையில என்னன்னு கேக்கணும்?

டொரண்டோ தங்கச்சிமடத்தான்:
தம்பி, எட்டு மாசத்துல உனக்குத் துப்பாக்கி எதுக்கு? மொதல்ல குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்குனியா? நான் வந்த வருசம் பேஸ்மென்ட்ல ஆறு பேரு. ஜனவரியில பஸ்ஸுக்கு நின்னு காது மடல் வெளுத்துப்போயி, இனி உணர்ச்சியே வராதுன்னு அழுதேன். வேலை கிடைக்க ஏழு மாசம் ஆச்சு. ஊருக்குப் போன் பண்ணா "நல்லா இருக்கேம்மா"ன்னு மட்டும் சொல்லுவேன். அந்த நாளுல யாராச்சும் என்னைய எங்கயாச்சும் கூப்பிட மாட்டாங்களான்னு ஏங்கிக் கெடந்தேன். உன்னைய ஒருத்தர் கூப்பிட்டிருக்காரு, அந்த மட்டும் சந்தோசம். ஆனா யோசிச்சுப் போ.

நியூசிலாந்து தேவிபட்டினம்:
ஒண்ணும் பயப்படாதீங்க. இங்க மான் வெளியில இருந்து வந்து காட்ட அழிக்கிற பிராணி. துப்பாக்கி லைசென்ஸ் இருந்தா போதும், அரசாங்கக் காட்டுக்கு அனுமதிச் சீட்டு இலவசமாவே தர்றாங்க. இதே மாதிரி ராணுவத் துப்பாக்கி வச்சுத்தான் 1930கள்ல இருந்து அரசாங்க ஆளுங்களே மான் அடிச்சாங்க. இருக்கிற தோட்டாவையே பயன்படுத்துங்க, காசு மிச்சம்.

சாயல்குடி எக்ஸ் சர்வீஸ்மேன்:
மேலே தேவிபட்டினத்துக்காரர் சொன்னதைக் கேக்காதே. மிலிட்டரித் தோட்டா மானுக்கு ஆகாது. அதோட குண்டு முழுக்க செம்பு உறை போட்டது. உள்ள போயி விரியாம, ஊசி மாதிரித் துளைச்சுக்கிட்டு மறுபக்கம் போயிரும். மான் விழாது. ரெண்டு மைல் ஓடி, எங்கயோ முள்ளுக்குள்ள கெடந்து சாகும். வேட்டைக்கு மூக்குல ஈயம் தெரியிற குண்டு வேணும். சாஃப்ட் பாயின்ட்னு கேளு. அது உள்ள போன உடனே காளான் மாதிரி விரியும்.

அது இருக்கட்டும், உன் துப்பாக்கி எது? நாடு எது? லைசென்ஸ் இருக்கா? மூணுமே சொல்லலியே. நம்ம போலீஸ் வச்சிருந்த த்ரீ நாட் த்ரீயா? பார்க்க அதே மாதிரி 1960கள்ல நம்ம இஷாப்பூர் ஃபேக்டரியில செஞ்சது 7.62 மி.மீ. தோட்டா போடுறது. அதுவும் இதுவும் மாறவே கூடாது. மாறினா உன் மூஞ்சிக்கு ஆபத்து. குழல்லயும் உடம்புலயும் என்ன முத்திரை குத்தியிருக்குன்னு அப்படியே எழுது. டி.பி.ன்னு ரெண்டு எழுத்து இருந்தா அது பயிற்சிக்கு மட்டும் வச்ச துப்பாக்கி, சுடவே கூடாது.

ஏர்வாடி காக்கா:
தம்பி, சுடும்போது பிஸ்மி சொல்லிச் சுடு. ஓடிப்போயி உயிர் இருக்கும்போதே பிடிச்சா அறுத்துரு. குண்டுல செத்ததப் பத்தி உலமாக்கள்கிட்ட கருத்து வேறுபாடு இருக்கு. இப்பவே உங்க ஊரு பள்ளி ஆலிம்கிட்ட கேட்டு வச்சுக்க, கறிய முன்னால வச்சுக்கிட்டு கேக்காத.

டொரண்டோ தங்கச்சிமடத்தான்:
ஊருல சாயல்குடிப் பக்கம் புள்ளிமான் கடலைக் கொல்லைய மேஞ்சாலும் நாம கை வைக்க முடியாது, 1972 சட்டம். கடல் அட்டை எடுத்தா 2001ல இருந்து ஜெயிலு. எங்க சித்தப்பா ஒரு சாக்கு அட்டைக்கு ஒன்பது வருசம் கோர்ட்டுக்கு அலைஞ்சாரு. தொழில் போச்சு, வள்ளம் போச்சு. அதனாலதான் எங்க வீட்டுல எல்லாரும் வெளிநாடு. இங்க வந்தா நெத்திலிக் கருவாடு கூட கிடைக்கல, கிடைச்சாலும் சமைச்சா பக்கத்து வீட்டுக்காரன் கதவத் தட்டுறான்.

நியூசிலாந்து தேவிபட்டினம்:
கருவாட்டுக்கு நான் கராஜுல அடுப்பு வச்சிருக்கேன் அண்ணே. வாடகை வீடு மாறும்போது அதுக்கும் சண்டை. முன்பணத்துல பாதிதான் திரும்ப வந்துச்சு.

பாம்பன் மெக்கானிக்:
எல்லாரும் கருவாட்டுக்குப் போயிட்டீங்க. அந்தப் புள்ள துரு பிடிச்சிருக்குன்னு பதறிக்கிட்டு நிக்குது.

தம்பி, அது உப்பு. கேட்டுக்க. பழைய மிலிட்டரித் தோட்டாவோட பின்பக்கம் ஊசி அடிக்கிற இடத்துல ஒரு மருந்து இருக்கு, பொட்டாசியம் குளோரேட். அது எரிஞ்சா குழல்ல பொட்டாசியம் குளோரைடு தங்கும். நம்ம வாலிநோக்கத்து உப்புக்குக் கூடப்பிறந்தது. காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து இரும்பத் திங்கும். நீ எண்ணெய் போட்ட பாரு, அங்கதான் தப்பு. எண்ணெயில உப்பு கரையாது. உப்பு மேல மூடி போட்டு வச்ச கணக்குத்தான்.

நம்ம அவுட்போர்டு இன்ஜின கடல்ல இருந்து ஏத்துனதும் என்ன செய்வோம்? நல்ல தண்ணி விட்டு ஓட்டுவோம், அப்புறந்தான் எண்ணெய். அதே முறைதான். பழைய பாம்பன் பாலத்துல 2022 டிசம்பரோட ரயில் நின்னுச்சே, 1914ல கட்டுன பாலத்த உப்புக்காத்துதானே தின்னுச்சு. பெயின்ட் அடிக்கிற ஆளு அங்க வருசம் பூரா இருந்தும் அந்த நிலைமை.

துப்பாக்கி காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாரு. போல்ட்ட, அதான் பின்னால தோட்டாவ உள்ள தள்ளிப் பூட்டுற தண்ட, கழட்டு. புனல் வச்சு, பின்பக்கத்துல இருந்து கொதிக்கிற நல்ல தண்ணி ரெண்டு லிட்டர் மெதுவா ஊத்து. கட்டைக்குள்ள தண்ணி எறங்காம பாத்துக்க. அந்தக் காலத்துச் சிப்பாய்களும் கொதிதண்ணிதான் ஊத்துனாங்க. போல்ட்டோட முகத்தையும் ஊசியையும் கழுவு, அங்கயும் புகை அடிச்சிருக்கும். குழல் சூட்டுலயே காஞ்சிரும். வெள்ளைத் துணி விட்டு எடு, அப்புறம் எண்ணெய். மூணு நாளுத் துரு மேலோட்டமாத்தான் இருக்கும்.

தொண்டித் தம்பி:
மாமா, இப்பத்தான் மூச்சு வருது. சொல்ல மறந்துட்டேன், கனடா, ஆல்பர்ட்டா. துப்பாக்கியில 303, லாங் பிராஞ்ச், 1943ன்னு இருக்கு. டி.பி. இல்ல. தோட்டாவோட பித்தளை அடியில ரோமன் எண்ணுல ஏழு இருக்கு. லைசென்ஸ் எனக்கு இல்ல. துப்பாக்கி இப்ப என் கட்டிலுக்குக் கீழதான் இருக்கு.

கால்கரி அக்கா:
தம்பி, நான் ராம்நாடு, இங்க பதினொரு வருசம், வேட்டை லைசென்ஸ் எடுத்து ஆறு வருசம். முதல்ல இத வாசி, மத்தது எல்லாம் பிறகு. லைசென்ஸ் இல்லாம நீ அத ரூம்ல வச்சிருக்கிறது குற்றம். உன் விசாவுக்கே கேடு. இப்பவே பெரியவருக்குப் போன் போட்டு, அவரையே வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு. அவரு கூடவே நிக்க, அவரு கண்ணுக்கு முன்னால நீ கையில எடுக்கலாம், சுடலாம். தனியா வச்சிக்கிறது, தோட்டா வாங்குறது ரெண்டும் முடியாது. தண்ணி ஊத்துறதையும் அவரு வீட்டுல அவரு கூட நின்னு செய். துருவப் பத்தியும் அப்பவே சொல்லிரு, அவருக்கு இது தெரியாத விசயமா இருக்காது.

லைசென்ஸுக்குப் பாதுகாப்பு வகுப்பு முடிச்சு மனு போடணும். முதல் தடவைன்னா குறைஞ்சது 28 நாள் காத்திருக்கணும். அதனால அடுத்த வாரம் அது ஆகாது. பெரியவரு "இந்தா, இனிமே உனக்கு"ன்னு குடுத்தாலும், 2022 மே மாசத்துல இருந்து வாங்குறவரோட லைசென்ஸ சரிபார்த்து எண் வாங்காம கைமாத்த முடியாது. மான் அடிக்க வேட்டைக்காரர் வகுப்பு, வனத்துறை அட்டை, மான் சீட்டு இதெல்லாம் தனி. உன் விசா, நீ வந்த தேதி ரெண்டையும் சொல்லி நீ இங்க வசிப்பவன் கணக்குல வர்றியான்னு கேளு. இந்தத் தடவை நீ சுடாம அவரு கூட நடந்து போ. வெறுமனே போனாலே நெறய கத்துக்கலாம்.

தோட்டாவுக்கு வர்றேன். இந்த மாகாணத்துல விரியாத குண்டால மான் அடிக்கிறதே சட்டவிரோதம், அதனால தகரப் பெட்டிய மறந்துரு. லாங் பிராஞ்ச்னா கனடாவுலயே இந்த த்ரீ நாட் த்ரீய செஞ்ச ஃபேக்டரி. ரோமன் ஏழுன்னா 174 கிரெயின் (குண்டு எடைய அளக்குற கணக்கு) ராணுவக் குண்டு. இந்தத் துப்பாக்கியோட குறிபார்க்கிற கண்ணு அந்த எடைக்குத்தான் அமைச்சது. அதனால பெரியவர 180 கிரெயின் சாஃப்ட் பாயின்ட் வாங்கச் சொல்லு.

சாயல்குடி எக்ஸ் சர்வீஸ்மேன்:
180 கிரெயின்னா 11.7 கிராம், ஏறக்குறைய ஒன்றரைப் பவுன் எடை. நான் 150 வாங்கச் சொல்லுவேன், மானுக்கு அது தாராளம், தோள் வலிக்காது.

கால்கரி அக்கா:
அண்ணே, 150ம் மான விழுத்தும், சரிதான். ஆனா பழைய குழல் ஒவ்வொண்ணும் தேய்ஞ்சு ஒவ்வொரு அளவுல இருக்கும். ரெண்டுலயும் ஒரு பெட்டி வாங்கி, 100 கெஜத்துல அட்டை வச்சு எது நெருக்கமா விழுதுன்னு பாக்கட்டும், அதுதான் முடிவு. பின்னால மடிக்கிற கண்ணு 300, 600 கெஜத்துக்குன்னு ரெண்டே நிலைதான்னா, 100 கெஜத்துல குண்டு மேல போகும். எவ்வளவு மேலன்னு அட்டையில பாத்துக்கணும். அதுக்கு முன்னால துப்பாக்கி மெக்கானிக் ஒருத்தர் போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் இடைவெளிய அளந்து பாக்கணும், 1943 பொருளு.

தொண்டித் தம்பி:
பெரியவரு வந்து எடுத்துக்கிட்டுப் போனாரு. அவரு வீட்டுல ரெண்டு பேருமா தண்ணி ஊத்துனோம். மொதல்ல கருப்பா வந்துச்சு, அப்புறம் பழுப்பு, கடைசியில தெளிஞ்சிருச்சு. அவரு திட்டல. "எங்கப்பாவும் அடுப்படியில கெட்டில் வச்சுத்தான் கழுவுவாரு, நான்தான் சொல்ல மறந்துட்டேன்"ன்னாரு. தோட்டா அவரே வாங்குறாராம், 180. துணி விட்டா இன்னும் லேசா பழுப்பு ஒட்டுது மாமா.

பாம்பன் மெக்கானிக்:
நாளைக்குக் காலையில அவருகிட்ட போயி இன்னொரு துணி விட்டுப் பாரு. பழுப்பு வந்தா இன்னொரு ரெண்டு லிட்டர். ஒண்ணும் ஒட்டாம வர்ற வரைக்கும் எண்ணெய் போட்டு மூடாத.