தாடையடிச் சுரப்பியில் 9 மி.மீ. கல், திரும்பத் திரும்ப வீக்கம்: சுரப்பியை எடுப்பதா, காப்பதா?

இஎன்டி_பிஜி: நோயாளிக்கு வயது 42. சாப்பாட்டு நேரத்தில் இடது தாடையடி உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி வலிக்கிறது. ஒரே வருடத்தில் நாலு முறை சீழ். சிடியில் 9 மி.மீ. கல், நாளம் (உமிழ்நீரை வாய்க்குக் கொண்டுவரும் குழாய்) சுரப்பியை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே இருக்கிறது. சுரப்பியோடு எடுத்துவிடலாம் என்கிறார்கள். கல்லை மட்டும் எடுத்தால் போதாதா? எடுப்பதானால் எங்கெல்லாம் கவனம் வேண்டும்?

வாய்வழி: முதலில் வாய்க்குள் ஒரு விரல், தாடைக்குக் கீழே வெளியிலிருந்து இன்னொரு கை. கல் தட்டுப்படுகிறதா? அதுதான் முடிவைச் சொல்லும். நாளத்துக்குள் எண்டோஸ்கோப் விட்டுக் கல்லைப் பிடித்து இழுக்கும் கம்பிக் கூடை சுமார் 4 மி.மீ. கல் வரைக்கும்தான். 9 மி.மீ. கல்லை இழுத்தால் கூடையே நாளத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

தட்டுப்பட்டால் வாய் வழியாகவே போகலாம். நாளத்தின் மேல் சளிச்சவ்வைக் கீறி, நாளத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போங்கள். உதவியாளர் வெளியிலிருந்து சுரப்பியை மேலே தள்ளிக் கொடுக்க வேண்டும். கடைவாய்ப் பற்களுக்கு அருகே லிங்குவல் நரம்பு (நாக்கின் உணர்வு நரம்பு) வெளிப்பக்கத்திலிருந்து நாளத்துக்கு அடியில் புகுந்து நாக்குப் பக்கம் போகும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே கல்லின் மேல் கத்தி. கல் வந்ததும் ஸ்கோப் விட்டு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், சலைனால் கழுவுங்கள். கல் போனதும் பல சுரப்பிகள் மறுபடி உமிழ்நீர் சுரக்கின்றன. அதனால் நாலு முறை சீழ் பிடித்தது மட்டுமே சுரப்பியை எடுக்கக் காரணம் ஆகாது.

கழுத்துவழி: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல் தட்டுப்படாவிட்டால், சுரப்பிக்குள்ளேயே பல கற்கள் இருந்தால், அல்லது கல் எடுத்தும் வீக்கம் அடங்காவிட்டால் எடுத்துவிடுவதே நல்லது. சீழ் இருக்கும்போது கை வைக்காதீர்கள். ஆன்டிபயாடிக் கொடுத்துச் சில வாரம் ஆறவிடுங்கள்.

தாடை விளிம்புக்கு 3–4 செ.மீ. கீழே, கழுத்து மடிப்பில் கீறல். மேலே ஏறினால் கீழுதட்டை இறக்கும் நரம்பு அடிபட்டு வாய் கோணும். முகச் சிரையைச் சுரப்பியின் கீழ் விளிம்பில் கட்டி மேலே மடித்துவிட்டால் அந்த நரம்பும் கூடவே ஏறிக்கொள்ளும். அடுத்து வாயின் அடித்தளமான மைலோஹையாய்டு தசையை முன்னால் இழுங்கள். சுரப்பியைக் கீழே இழுத்தால் லிங்குவல் நரம்பு 'வி' மாதிரி இறங்கித் தெரியும். சுரப்பிக்கு வரும் கிளையை மட்டும் வெட்டினால் நரம்பு தானாக மேலே போய்விடும். நாள்பட்ட அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடக்கும், நரம்பையே நாளம் என்று கட்டிவிடுவது இந்த இடத்தில்தான். நாக்கை அசைக்கும் நரம்பு இன்னும் ஆழத்தில், நாளத்துக்குக் கீழே. இங்கெல்லாம் ரத்தத்தை நிறுத்த பைபோலார் (இரு முனைகளுக்கு நடுவில் மட்டும் மின்சாரம் பாய்ந்து சுடும் இடுக்கி) மட்டும்.

நாளத்தை முடிந்தவரை முன்னால் கட்டுங்கள். மிச்சத் துண்டில் கல் நின்றால் சுரப்பி போன பிறகும் வாயடியில் சீழ் வரும். முகத் தமனியின் கழுத்துப் பக்க முனைக்கு இரட்டைக் கட்டு. அது நழுவினால் ரத்தம் வாயடியில் சேர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கும்.

இஎன்டி_பிஜி: நன்றி சார். ஒன்றை எடுத்தால் வாய் உலர்ந்துவிடுமா?

கழுத்துவழி: மற்ற சுரப்பிகள் நன்றாக இருந்தால் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு இருக்காது.

நோய்க்கூறு: ஒரு சேர்க்கை. இந்தக் கேஸில் கல் தெரிகிறது, சரி. கல்லே இல்லாமல் இரண்டு பக்கமும் வலியின்றிக் கெட்டியாக இருந்தால் ரத்தத்தில் ஐஜிஜி4 (ஒரு வகை எதிர்ப்பொருள்) அளவு பாருங்கள், பயாப்சி எடுங்கள். அது ஐஜிஜி4 நோய் என்றால் ஸ்டீராய்டிலேயே பெரும்பாலும் சுருங்கும், கத்தி தேவைப்படாது. வாயும் கண்ணும் சேர்ந்து உலர்ந்தால் ஷோக்ரன் நோய்க்கான பரிசோதனையும் வேண்டும்.