பொருள்: 'வரிக்கில்லி' வேண்டாம் (ஃபண்டுலஸ் ஜீப்ரைனஸ் என்னும் அமெரிக்கச் சிறுமீனுக்கான தமிழ்ப் பெயர்)

> சிற்றினப் பெயரிலேயே வரிக்குதிரை இருக்கிறது. 'வரிக்கில்லி' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம்.

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடம் காலியில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரத்தில் வாழும் ஃபண்டுலஸ் மஜாலிஸ் மீனை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைப்டு கில்லிஃபிஷ்' என்கிறார்கள். தமிழில் 'வரிக்கில்லி' என்றால் முதலில் அதுதான் நினைவுக்கு வரும். நம் மீன் கடற்கரைப் பக்கமே இல்லாதது. டெக்சாஸ் பக்கத்து ரெட், பிராசோஸ், பெக்கோஸ் ஆறுகளின் மணற்பாங்கான, ஆழமற்ற ஓடைகளில் இருக்கிறது.

மஜாலிஸ் இன்னொரு சிக்கலையும் கிளப்புகிறது. அதன் ஆணுக்கு வரிகள் முதுகிலிருந்து வயிறு நோக்கி இறங்கும். வளர்ந்த பெண்ணுக்குத் தலையிலிருந்து வால் நோக்கி ஓடும். ஆங்கிலத்தில் முதலாவது 'பார்', இரண்டாவது 'ஸ்ட்ரைப்'. நம் 'வரி' புலிக்கும் பொருந்தும், அணிலுக்கும் பொருந்தும். ஆண், பெண் வேறுபாட்டை எழுதும் இடத்தில் இந்தத் தாராளம் உதவாது.

'செங்குத்து வரி' என்று எழுதும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். புட்டியில் மீன் தலைகீழாக நிற்கும்போதும், தட்டில் படுத்திருக்கும்போதும் எது செங்குத்து? உடலின் நீளத்தை அச்சாக வைத்துக் குறுக்குவரி, நெடுக்குவரி என்றால் மீனை எப்படித் திருப்பினாலும் பொருள் மாறாது.

எடுத்துக்காட்டு: "பக்கவாட்டில் சுமார் 12 முதல் 26 குறுக்குவரிகள். ஆணில் எண்ணிக்கை குறைவு, அகலம் அதிகம். பெண்ணில் மெல்லியவை, நெருக்கமானவை."

பொதுப்பெயருக்கு என் பரிந்துரை: சமவெளிக் கில்லி.

---

> சமவெளிக் கில்லி

'கில்லி' என்றால் பிள்ளைகள் குச்சியும் தாண்டலும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்களே! அந்தச் சொல் டச்சு மொழியின் 'கில்'லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்; சிற்றோடை என்று பொருள். 'ஓடைமீன்' என்று தமிழாக்கினால் என்ன? அல்லது 'பல்கெண்டை'? மணலில் புதையும் பழக்கத்தை வைத்து 'மணல்புகு மீன்'?

---

மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன்.

ஓடைமீன்: ஓடையில் கிடைப்பதெல்லாம் ஓடைமீன்தான். "ஓடைமீன்கள் அருகிவருகின்றன" என்று ஒருவர் எழுதினால் எந்த மீன் என்று யாருக்குத் தெரியும்?

பல்கெண்டை: கில்லிகள் அடங்கும் உயிரியல் வரிசையின் பெயரான சிப்ரினோடான்டிஃபார்மிஸ் என்பதன் நேர்பெயர்ப்பு. கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. கில்லிக்குத் தாடையிலேயே பல் இருக்கிறது. அது கெண்டைக்கு உறவுமில்லை. பெயரில் கெண்டையைச் சேர்த்தால், இல்லாத உறவை நாமே உண்டாக்குவதாகும்.

மணல்புகு மீன்: சமவெளிக் கில்லி கண்ணும் வாயும் மட்டும் வெளியே தெரிய மணலில் புதைந்துகொள்ளும், உண்மைதான். ஆனால் நம் ஊர் அயிரையும் மணலில் புதையும். தமிழ் வாசகர் அயிரையைத்தான் நினைப்பார்.

எனவே கில்லி இருக்கட்டும். குச்சி விளையாட்டோடு குழம்ப வாய்ப்பிருக்கும் இடத்தில் முதல் முறை 'கில்லிமீன்' என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். "கொல்லும் மீன்" என்று ஒருவர் பெயர்த்ததைப் பார்த்தேன். ஆங்கில 'கில்' என்று எடுத்துக்கொண்ட விபத்து. பாவம், விரல் நீளத்துக்குச் சற்றே கூடக்குறைய இருக்கும் பிராணி!

சொல்லைப் புணர்த்திப் பார்த்தேன், தடங்கல் இல்லை: சமவெளிக் கில்லியின், கில்லிகளை, கில்லிக் குடும்பம். வடக்கே ஆர்கன்சா, பிளாட் ஆறுகளில் வாழும் ஃபண்டுலஸ் கான்சே சிற்றினத்தை 'வடசமவெளிக் கில்லி' எனலாம். இரண்டையும் ஒரே சிற்றினமாக வைத்திருந்த பழைய கட்டுரைகளைத் தமிழாக்கும்போது மட்டும், இடத்தைப் பார்த்துப் பெயரிட வேண்டும்.

வாழிடத்துக்கும் ஒரு சொல் மீதமிருக்கிறது. உங்கள் கட்டுரை வரைவில் 'கழிநீர்' என்று இருக்கிறது. கழி என்றால் கடல் வந்து கலக்கும் இடம். டெக்சாஸின் உள்நாட்டில் கடலுக்கு வேலையில்லை. நிலத்தடி உப்பு, ஜிப்சம் படுகைகளில் ஊறிவரும் ஊற்றுகள்தான் அந்த ஓடைகளை உவர்ப்பாக்குகின்றன. கோடையில் ஓட்டம் நின்றால் தேங்கிய நீர் ஆவியாகி உப்பு இன்னும் ஏறும். அதற்கு 'உவர்க்குட்டை' போதும். வரைவின் 2-ஆம் பத்தியில் நான்கு இடங்களில் மாற்ற வேண்டும். படத்தின் கீழே உள்ளதையும் சேர்த்தால் ஐந்து.